சாஃப்ட் டாப் ஜிப்சிக்கு வேறு ஸ்டீரிங் வீல்: எது பொருந்தும், எப்படி மாட்டுவது?

அருமனை ரப்பர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 1991 மாடல் ஜிப்சி, எம்ஜி410, 970 சிசி கார்பரேட்டர் வண்டி, சாஃப்ட் டாப். அப்பா காலத்திலிருந்து ரப்பர் காட்டுக்குப் போய்வருகிற வண்டி. இப்போது என்னிடம் வந்திருக்கிறது. இஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஸ்டீரிங் வீல்தான் போய்விட்டது.

மேல்பாதியில் இரண்டு இடத்தில் விரிசல். கட்டை விரல் நகம் உள்ளே போகிற அளவுக்கு வாய் பிளந்திருக்கிறது. உள்ளே இரும்புக் கம்பி தெரிகிறது, அதில் துருவும் தெரிகிறது. வெயில் நேரத்தில் பிடித்தால் கறுப்புப் பிசின் கையில் ஒட்டுகிறது. மேலே படுதா இருந்தாலும் பாதி நாள் திறந்தே கிடக்கிற வண்டி, வெயிலும் மழையும் நேராக அடிக்கும்.

துபாயில் இருக்கிற மச்சான் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். மோமோ கம்பெனியின் 350 மில்லிமீட்டர் வீல் ஒன்று வாங்கிவரட்டுமா என்று கேட்கிறார். இன்னொரு பக்கம், பழைய இரும்புக் கடை ஒன்றில் கம்பெனி வீலே ஒன்று இருக்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டி. பேச்சிப்பாறை, தச்சமலை பக்கம் கல்லுப் பாதையிலும் போவேன், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு முட்டத்துக்கும் போவேன். எதை மாட்டலாம்? எதைக் கவனிக்க வேண்டும்?

---

வடசேரி பட்டறை

தம்பி, வீல் எது என்பது இரண்டாவது கேள்வி. நடுவில் இருக்கிற பாஸ் எது என்பதுதான் முதல் கேள்வி.

ஸ்டீரிங் ஷாஃப்டின் நுனியில் பல்லுப் பல்லாக ஸ்ப்லைன் வெட்டியிருக்கும். கம்பெனி வீலில் அந்தப் பல் வீலோடு சேர்ந்தே வரும். வெளியில் வாங்கும் மோமோ, நார்டி, ஸ்பார்கோ எதிலும் நடுவில் பல் கிடையாது, போல்டு ஓட்டைகள் மட்டும்தான். அதனால் ஷாஃப்டுக்கும் வீலுக்கும் நடுவில் ஒரு பாஸ் வேண்டும். அதன் ஒரு பக்கம் உன் வண்டிப் பல்லோடு சேர வேண்டும், மறுபக்கம் வீலின் ஓட்டைகளோடு சேர வேண்டும். நீ வண்டியைத் திருப்புகிற பலம் முழுக்க இந்தக் கையளவு உலோகத்தின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. தோலும் தையலும் எவ்வளவு அழகாக இருந்தாலும் இது சரியில்லை என்றால் வண்டியை எடுக்கவே கூடாது.

ஓட்டைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மோமோவில் 6 போல்டு, எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் 70 மில்லிமீட்டர். ஸ்பார்கோவும் ஓஎம்பியும் பெரும்பாலும் அதே அளவு. நார்டியில் 6 போல்டுதான், ஆனால் 74. வாங்குமுன் ஸ்கேல் வைத்து அளந்து பார். 4 மில்லிதானே என்று அரத்தால் ராவி ஓட்டையை நீளமாக்கி மாட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். போல்டு எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடம் பைய நகர ஆரம்பிக்கும். அதைச் செய்யாதே.

இன்னொன்று. 'பாஸ் கிடைக்கவில்லை, பழைய வீலின் நடுத்துண்டை அறுத்து, அதன் மேல் பிளேட் வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன்' என்று லேத்தில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். வெல்டிங்குக்குப் பக்கத்து உலோகம் சூட்டில் குணம் மாறியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. விட்டுப்போனால் திருப்பத்தில்தான் விடும்.

---

பழைய ஹெரால்டு

அருமனைத் தம்பிக்கு என் அபிப்பிராயம்: கம்பெனி வீல் நல்ல நிலையில் கிடைத்தால் அதையே போடுங்கள்.

என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்த வண்டி. ஆட்களுக்கு இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலாட்டி வரைந்த அந்த உடம்பின் அழகு மட்டும்தான் தெரியும். அதன் ஸ்டீரிங்கைப் பிடித்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். ரேக் அண்ட் பினியன், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கோட்டாறு கடைத்தெருவில் அந்த வண்டியைத் திருப்புகிற சுகமே தனி. அந்த வீலின் மெல்லிய வளையத்தை எடுத்துவிட்டுத் தடித்த ஸ்போர்ட்ஸ் வீல் போட்டால் வண்டியின் குணமே மாறிவிடும்.

என் வீலிலும் விரிசல் வந்தது. அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக். விரிசலை 'வி' வடிவத்தில் கம்பி வரைக்கும் அகலமாக்கி, துருவைச் சுரண்டி, எப்பாக்ஸி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்தேன். இப்போதும் அதுதான் ஓடுகிறது. ஜிப்சிக்கும் அப்படிச் செய்யலாமே?

---

வடசேரி பட்டறை

அண்ணாச்சி, உங்கள் வீல் கெட்டிப் பிளாஸ்டிக், அதில் எப்பாக்ஸி பிடிக்கும். ஜிப்சி வீல் கொஞ்சம் வளைகிற ஜாதி. அதன் மேல் எப்பாக்ஸி வெறுமனே உட்கார்ந்திருக்கும், பிடிக்காது. கை அழுத்தத்தில் வளையம் லேசாக நெளியும்போது பூசியது துண்டாகப் பெயர்ந்துவிடும். பிசின் ஒட்டுகிறது என்று தம்பி சொல்வதைப் பார்த்தால் மேல்தோல் முழுக்கச் சிதைந்துவிட்டது. அதன் மேல் தோல் உறை தைத்தாலும் உள்ளே அது நகரும்.

பழைய கடை வீலை எடுப்பதாக இருந்தால் மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். பின்பக்கத்துப் பற்கள் கூர்மையாக, முழுசாக இருக்கிறதா? கம்பிகள் நடுத்துண்டோடு சேருகிற இடத்தில் மயிரிழை வெடிப்பு உண்டா? தட்டையான தரையில் கவிழ்த்து வைத்தால் சுற்றிலும் ஒரேபோல் படிகிறதா? ஆடினால் அந்த வண்டி எங்கேயோ மோதி, ஓட்டியவர் நெஞ்சு அந்த வளையத்தில் இடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வீல் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

---

குளச்சல் கரை

என்னிடமும் திறந்த ஜிப்சிதான். ஒரு யோசனை: கழற்றி எடுக்கிற மாதிரி குவிக் ரிலீஸ் வைத்துவிட்டால் என்ன? சங்குதுறையிலும் முட்டத்திலும் வண்டியைத் திறந்து போட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறோம். வீலைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால் யாரும் வண்டியை எடுக்க முடியாதே.

---

வடசேரி பட்டறை

யோசனை புரிகிறது. ஆனால் குளச்சலில் இருந்துகொண்டு அதைச் செய்யாதீர்கள். பந்தயத்துக்கென்று செய்த நல்ல குவிக் ரிலீஸ் உண்டு, விலையும் அதற்கேற்ப இருக்கும். இங்கே கைக்குக் கிடைக்கிற மலிவான சாமான் புதிதிலேயே லேசாக ஆடும். அதற்குள் சின்னச் சின்ன உருண்டைகளும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. உப்புக்காற்றில் அவை துருப்பிடித்தால், பூட்டிவிட்டது என்று நினைப்பீர்கள், முழுதாகப் பூட்டியிருக்காது. ஹாரன் வயரின் தொடுப்பும் அதற்குள்ளேதான், முதலில் கெடுவது அதுதான். திருட்டுக்குப் பயந்தால் பேட்டரிக்கு மறைவாக ஒரு கட் ஆஃப் சுவிட்சு வையுங்கள், கியர் லாக் போடுங்கள். ஸ்டீரிங்கில் கூடுதலாக ஒரு இணைப்பைக் கொண்டுவராதீர்கள்.

---

அருமனை ரப்பர்

நன்றி அண்ணே. பழைய கடை வீலைப் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரி தரையில் கவிழ்த்து வைத்தேன், ஒரு பக்கம் விரல் நுழைகிற இடைவெளி. விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்படியானால் மோமோதான். 350 போதுமா, இல்லை பெரியதாக வாங்கச் சொல்லட்டுமா? தோலா, வேறு எதுவுமா?

---

தச்சமலை சாரல்

மலைப்பாதையில் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். 350 சின்னது.

கணக்கு நேரானது. கைக்கு வேண்டிய பலம் வீலின் அகலத்துக்குத் தலைகீழ். உங்கள் பழைய வீல் 400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 350-க்கு வரும்போது அதே திருப்பத்துக்கு ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதல் பலம் கொடுக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் இது தெரியாது. மார்த்தாண்டம் சந்தையில் நின்ற இடத்திலிருந்து திருப்பி எடுக்கும்போதும், மலையில் கல்லுக்கிடையில் மெதுவாக ஏறும்போதும் தோள்பட்டைக்குத் தெரியும். முதலில் பழைய வீலை அளந்து பாருங்கள். அதிலிருந்து ஒரு அங்குலத்துக்கு மேல் குறைக்காதீர்கள். 380 கிடைத்தால் நல்லது.

அதைவிட முக்கியம், ஜிப்சியில் முன்னால் நேர் ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங். முன் சக்கரம் கல்லில் இடித்தால் அந்த அடி அப்படியே வீலுக்கு வரும், வீல் கையில் சுழன்று உதறும். சின்ன வீலில் அந்த உதறலைப் பிடித்து நிறுத்துவது இன்னும் கஷ்டம். கட்டை விரலை வளையத்துக்குள் கோத்துப் பிடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நாலு விரலும் பின்னால், கட்டை விரல் வளையத்தின் மேல். கம்பி வந்து கட்டை விரலில் அடித்தால் எலும்பு முறியும். தடித்த வளையமும் கட்டை விரல் பதிகிற மேடுகளும் உள்ள வீலில் விரல் தானாகவே உள்ளே போகும், அதையும் பார்த்து வாங்குங்கள்.

தோல் பற்றி: நமக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருஷத்தில் எத்தனை மாதம் ஈரம் என்று உங்களுக்கே தெரியும். மெல்லிய சூயீட் தோல் இரண்டு மழையில் பூஞ்சை பிடித்துவிடும். மர வீலும் வார்னிஷ் உரிந்து வரும். பாலியூரித்தேன் வளையம்தான் திறந்த வண்டிக்கு ஏற்றது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

---

மார்த்தாண்டம் 75

ஆர்டிஓ விஷயமாக யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1991 வண்டி என்றால் ஆர்சி புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கும். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி ஸ்டீரிங்கைப் பற்றியது. வீலில் வெறும் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது, பால் ஜாயின்ட்களுக்கு (ஸ்டீரிங் கம்பிகளின் உருண்டை மூட்டுகளுக்கு) ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்டுகள் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்று சொல்கிறது. புது வீல் மாட்டுகிற நேரத்திலேயே அந்த ரப்பர் மூடிகளையும் பார்த்துவிடுங்கள். காட்டுப் பாதையில் ஓடுகிற வண்டியில் அவை கிழிந்துதான் இருக்கும். ஹாரனும் வேலை செய்ய வேண்டும். வீல் மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுவதும் நல்லது.

வேறு வண்டி வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வீலுக்குள் ஏர்பேக் இருக்கிற வண்டியில் இந்த வேலையே கூடாது. இந்தப் பேச்செல்லாம் ஏர்பேக் இல்லாத பழைய வண்டிக்கு மட்டும்.

---

அருமனை ரப்பர்

மச்சான் வந்துவிட்டார். 380-ல் கறுப்புப் பாலியூரித்தேன் வீல் கிடைத்தது, 6 போல்டு, அளந்து பார்த்தேன், 70 மில்லிமீட்டர் சரி.

பாஸ்தான் பிரச்சினை. ஆன்லைனில் 'ஜிப்சிக்கு' என்று எழுதியிருந்த ஒன்றை வரவழைத்தேன். ஷாஃப்டில் பாதி வரை போகிறது, அதற்குமேல் நிற்கிறது. விற்றவர் 'நட்டைப் போட்டு இறுக்குங்கள், தானாக உட்காரும்' என்கிறார். செய்யலாமா?

---

வடசேரி பட்டறை

செய்யக் கூடாது. அந்தப் பாஸைத் திருப்பி அனுப்பு.

சரியான பாஸ் கையாலேயே பல்லில் நேராக இறங்க வேண்டும். கடைசியில் சரிவான பகுதியில் போய் உட்காரும்போது மட்டும் கொஞ்சம் பிடிக்கும். நட்டால் இழுத்து உள்ளே கொண்டுபோனால் பாஸின் அலுமினியப் பல், ஷாஃப்டின் எஃகுப் பல்லில் சீவிக்கொண்டு போகும். மாட்டியபின் கெட்டியாக இருப்பது போலத் தோன்றும். உள்ளே பல் பாதிதான் இருக்கும்.

சரிபார்க்க வழி இருக்கிறது. ஷாஃப்டின் பல்லை டீசலில் நனைத்த பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய். லேத்துக் கடையில் மார்க்கிங் நீலம் இருக்கும், அதை மெல்லிசாகத் தடவு. பாஸைக் கையால் இறக்கி, மறுபடி எடு. சுற்றிலும் எல்லாப் பல்லிலும் நீலம் ஒரேபோல் ஒட்டியிருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அது வேறு வண்டிப் பாஸ். நட்டுப் போடாமலேயே பாஸைப் பிடித்து ஆட்டிப் பார், கடகடவென்று ஆடக் கூடாது. நட்டைப் போட்டால் அதன் மரை முழுக்கப் பிடித்து, ஷாஃப்டின் நுனி நட்டுக்கு வெளியே கொஞ்சம் தெரிய வேண்டும்.

பழைய வீலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போ. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணு, குறுக்களவை வெர்னியரில் அளந்து பார். பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பாதே.

---

அருமனை ரப்பர்

அதற்கு முதலில் பழைய வீல் வர வேண்டுமே அண்ணே. நட்டைக் கழற்றிவிட்டேன், வீல் அசையவே இல்லை. சுத்தியலால் ஷாஃப்டின் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் வரும் என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன்.

---

வடசேரி பட்டறை

சுத்தியலைக் கீழே வை. ஷாஃப்டின் தலையில் அடித்தால் மரை நசுங்கும், அந்த அடி கீழே ஸ்டீரிங் பாக்ஸின் பேரிங்கில் போய் விழும். வண்டி ஓடும், ஆனால் அன்றிலிருந்து வீலில் ஆட்டம் ஆரம்பிக்கும்.

நட்டை முழுசாக எடுத்திருந்தால் மறுபடி நாலு மரைக்குப் போடு. வீல் திடீரென்று விட்டுவந்தால் முகத்தில் அடிக்காமல் நட்டுத் தடுக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றியிருக்கிறாயா? முன் சக்கரம் நேராக இருக்கிறதா? ஷாஃப்டிலும் வீலிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு போட்டிருக்கிறாயா? பெயின்ட், பஞ்ச் எதுவானாலும் சரி. இதை மூன்றையும் முடி.

அப்புறம் பல்லின் ஓரத்தில் துருவிளக்கி எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் புல்லர் (வீலை இழுத்துக் கழற்றுகிற கருவி) வை. வீலின் நடுத்துண்டில் மரை வெட்டிய இரண்டு ஓட்டைகள் இருந்தால் அதில் போல்டு போட்டு, நடு ஸ்க்ரூவை ஷாஃப்டின் மையத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதுதான் விடுகிற சத்தம். வளையத்தின் பின்னால் புல்லர் போட்டு இழுக்காதே, வளைந்துவிடும். கேஸ் விளக்கால் சூடாக்கவும் வேண்டாம், ஷாஃப்டை மூடியிருக்கிற ஸ்டீரிங் குழாய்க்குள் பிளாஸ்டிக் புஷ் இருக்கிறது.

---

அருமனை ரப்பர்

வந்துவிட்டது! புல்லர் தக்கலையில் ஒரு பட்டறையில் இரவல் வாங்கினேன். நீங்கள் சொன்ன அதே சத்தம். பழைய வீலோடு நாகர்கோவில் போய்ப் பாஸும் வாங்கியாயிற்று. நீலம் எல்லாப் பல்லிலும் ஒட்டியிருக்கிறது, கையாலேயே இறங்குகிறது. மாட்டும்போது வேறென்ன பார்க்க வேண்டும்?

---

வடசேரி பட்டறை

கொள்ளாம் தம்பி. இனி அவசரப்படாதே.

பழைய வீலின் பின்பக்கத்தைப் பார். இண்டிகேட்டரைத் திருப்பி நிறுத்துகிற கட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். புதுப் பாஸிலும் அது அதே இடத்தில் வர வேண்டும். கோணலாக வைத்து இறுக்கினால் இண்டிகேட்டர் சுவிட்சின் நாக்கு உடையும். அது உடைந்தால் வீலைவிட அலைச்சல்.

ஹாரன்: வண்டியோடு நிற்கிற ஸ்பிரிங் தொடுப்பு, பாஸின் பித்தளை வளையத்தை உரசிக்கொண்டே இருக்கும். வளையத்தை உப்புத்தாளால் பளபளப்பாக்கி, மிக மெல்லிசாகக் கிரீஸ் தடவு. புது வீலின் ஹாரன் பட்டனுக்கு இரண்டு முனை. ஒன்று அந்த வளையத்துக்கு, இன்னொன்று எர்த்துக்கு. பாஸில் பெயின்ட் இருந்தால் எர்த் கிடைக்காது, போல்டு உட்காருகிற இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிடு. மாட்டியதும் ஹாரன் விடாமல் அலறினால் வயர் எங்கேயோ உடம்பில் படுகிறது.

பல்லில் லேசாக எண்ணெய் போதும், கிரீஸை அப்பாதே. முடிந்தால் நட்டும் வாஷரும் புதிதாகப் போடு. இறுக்கும் அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சு வைத்தே இறுக்கு. ஸ்டீரிங் லாக்கைப் போட்டுவிட்டு அதை எதிர்த்து இறுக்குகிறார்கள், லாக் உடைந்துபோகும். யாரையாவது உட்காரவைத்து வீலைப் பிடிக்கச் சொல். வீலின் 6 போல்டுகளையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. சின்ன போல்டு, அலன் கீயை நீளமாகப் பிடித்து மல்லுக்கட்டினால் மரை போய்விடும்.

---

அருமனை ரப்பர்

மாட்டியாயிற்று. முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினேன், எங்கேயும் தட்டவில்லை. எல்லா நிலையிலும் ஹாரன் அடிக்கிறது. இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் திரும்பி நிற்கிறது. பிடிப்பே வேறு மாதிரி இருக்கிறது, கையில் பிசின் இல்லை.

ஒன்று மட்டும். மாத்தூர் தொட்டிப்பாலம் வரை ஓட்டினேன். நேர் ரோட்டில் வீல் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டட்டுமா?

---

வடசேரி பட்டறை

முன்பு நேராக இருந்ததா? போட்ட கோட்டிலேயே மாட்டினாயா?

---

அருமனை ரப்பர்

கோட்டில்தான் மாட்டினேன். முன்பும் லேசாகச் சாய்ந்துதான் இருந்தது, வீல் கோரமாக இருந்ததால் கவனித்ததில்லை.

---

வடசேரி பட்டறை

அப்படியானால் குறை வீலில் இல்லை, கீழே இருக்கிறது. ஷாஃப்டில் 36 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. உன் சாய்வு 5 டிகிரி என்றால் பல் தள்ளி மாட்டி அதைச் சரிசெய்யவே முடியாது, மறுபக்கம் சாயும்.

ஜிப்சியில் இருப்பது பால் நட் ஸ்டீரிங் பாக்ஸ், உள்ளே எஃகு உருண்டைகள் ஓடுகிற வகை. நடு நிலையில்தான் அதன் ஆட்டம் மிகக் குறைவாக இருக்கும்படி செய்திருக்கிறார்கள். வண்டி நேராகப் போகும்போது பாக்ஸும் தன் நடுவில் நிற்க வேண்டும். பாக்ஸிலிருந்து முன் சக்கரத்துக்குத் திருப்பத்தைக் கொண்டுபோகிற கம்பிதான் டிராக் லிங்க். அதன் நீளம் மாறியிருந்தால், சக்கரம் நேராக இருக்கும், பாக்ஸ் நடுவை விட்டு விலகியிருக்கும். வீலை மட்டும் நிமிர்த்திவிட்டால் கண்ணுக்குச் சரியாகிவிடும், நேர் ரோட்டில் அலைச்சல் அப்படியே இருக்கும். ஆரல்வாய்மொழி கணவாயில் பக்கக் காற்று அடிக்கும்போது வித்தியாசம் தெரியும்.

டிராக் லிங்கை ஒரு பக்கம் கழற்றிவிட்டு, வீலை ஒரு கோடி முதல் மறு கோடி வரை பைய சுற்றி எண்ணு, கடைசியில் இடிக்காதே. அதில் பாதிதான் பாக்ஸின் நடு. அங்கே வீலின் கம்பிகள் மட்டமாக இருக்கிறதா பார். இருந்தால் பாஸைத் தொடாதே. சக்கரத்தை நேராக்கி, லிங்கின் லாக் நட்டைத் தளர்த்தி, நீளத்தைக் கூட்டிக் குறைத்து, அது தானாகப் பொருந்துகிற இடத்தில் பூட்டு. லாக் நட்டை இறுக்க மறக்காதே. அந்த நேரத்தில் மார்த்தாண்டத்து நண்பர் சொன்ன ரப்பர் மூடிகளையும் பார்த்துவிடு.

---

அருமனை ரப்பர்

நடுவில் கம்பி மட்டமாகத்தான் நின்றது. லிங்கில்தான் கோளாறு. அதைச் சரிசெய்ததும் வீல் நேராக நிற்கிறது, கையை லேசாக விட்டாலும் வண்டி பிடித்த வழியில் போகிறது. இந்த ஆட்டம் வண்டியின் வயசு என்றுதான் அப்பாவும் நானும் நினைத்திருந்தோம். ஒரு மூடி கிழிந்திருந்தது, பால் ஜாயின்டோடு மாற்றிவிட்டேன். எல்லோருக்கும் மிக்க நன்றி.

---

குளச்சல் கரை

அண்ணே, என்னுடையது ஜிப்சி கிங், 1300 சிசி. தம்பி வாங்கிய அதே பாஸ் எனக்கும் சேருமா?

---

வடசேரி பட்டறை

சேரும், சேராது என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். உங்கள் வீலைக் கழற்றிப் பல்லை எண்ணி, குறுக்களவையும் எழுதி, படத்தோடு போடுங்கள். தம்பியும் தன் பழைய வீலின் அளவைப் போடட்டும். இரண்டையும் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். கடலோர வண்டி, நட்டுத் துருப்பிடித்துத்தான் இருக்கும். இன்றைக்கே எண்ணெய் விட்டு வையுங்கள். தம்பி, நீ கொஞ்ச நாள் ஓட்டியபின் நடு நட்டின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் மறுபடி ஒரு தடவை பார்த்துவிடு.